மாடு, எருமை, பன்றி, யானை: தருமபுரி, கிருஷ்ணகிரி சாலைகளில் பைக் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

நம் பக்கம் எந்த விலங்கால் ஆபத்து அதிகம்? யானைதானே?

யானை என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. அதனால் காட்டுச் சாலையில் தானாகவே வேகம் குறைகிறது. மாட்டுக்கு யாரும் பயப்படுவதில்லை. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நிற்கிற பிராணி என்பதால் கண் பழகிவிட்டது. பைக் ஓட்டுபவர் தினமும் சந்திக்கிற பெரிய விலங்கும் மாடுதான். ஒரு கறவை மாடு 300 முதல் 400 கிலோ, எருமை அதற்கும் மேல். நீங்களும் பைக்கும் சேர்ந்து 200 கிலோ சொச்சம். மோதினால் நகரப்போவது மாடு இல்லை. முன் சக்கரம் அதன் காலில் முட்டி நிற்கும், உங்கள் உடம்பு வந்த வேகத்திலேயே மாட்டின் மேலோ, அதைத் தாண்டித் தார்ரோட்டிலோ போய் விழும். ஆகவே கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் மாட்டைப் பற்றியே இருக்கும்.

இரவில் எவ்வளவு வேகத்தில் போகலாம்?

உங்கள் விளக்கு காட்டுகிற தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். அந்த வேகம்தான் கணக்கு. போர்டில் எழுதியிருக்கும் வேகம் இங்கே உதவாது.

சாதாரண 100, 125 சிசி வண்டியின் டிம் வெளிச்சத்தில் கறுப்பு எருமை தெரிவது ஏறக்குறைய 30 முதல் 40 மீட்டருக்குள். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, புரிந்து, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியும் வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உலர்ந்த தார்ரோடு, நல்ல டயர், இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடிக்கிற ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் யோசிக்கும் நேரத்தில் 17 மீட்டர், பிரேக்கில் 10 மீட்டர், மொத்தம் 27 மீட்டரில் வண்டி நிற்கும். 60-ல் 25-ம் 23-ம் சேர்த்து 48 மீட்டர். 80-ல் 33-ம் 41-ம் சேர்த்து 74 மீட்டர்.

இப்போது 40 மீட்டரில் எருமை தெரிகிறது என்று வையுங்கள். 40-ல் வந்தவர் 13 மீட்டர் மீதம் வைத்து நின்றுவிடுவார். 50-ல் வந்தவருக்கு 37 மீட்டர் வேண்டும், எருமையின் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நிற்பார். 60-ல் வந்தவர் ஏறக்குறைய 36 கி.மீ. வேகத்தில் மோதுவார். 80-ல் வந்தவர் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். மோதும்போது வேகம் 70-க்கு மேல் இருக்கும். பிரேக் பிடித்ததும் பிடிக்காததும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ரோடு ஈரமாக இருந்தால் 60-ல் நிற்கவே 60 மீட்டர் வேண்டும்.

ஆகவே டிம் லைட்டில், தெருவிளக்கு இல்லாத ரோட்டில் 40. பிரைட் போட்டு எதிரே வண்டி இல்லாமல் போகும்போது 50, நல்ல விளக்கு என்றால் 55. எதிரே வருகிற லாரி வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தால் ஆக்சிலரேட்டரை உடனே விடுங்கள். லாரி கடந்து போன அடுத்த சில விநாடிகளில் கண் இருட்டிப் போயிருக்கும். எருமை பெரும்பாலும் அந்த இருட்டுக்குள்தான் நிற்கும்.

ஹெட்லைட் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், பத்து நிமிட வேலை. சமமான தரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் வேண்டாம், நீங்கள் ஏறி உட்கார்ந்து வண்டியை நேராகப் பிடிக்க வேண்டும். தினமும் பின்னால் ஒருவரை ஏற்றிப் போகிறவர் என்றால் அவரையும் உட்காரவையுங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுமையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். 20 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் உங்களுக்கு முன்னால் இருபது சொச்சம் மீட்டர்தான் தெரியும். விளக்குக்குக் கீழேயோ பின்னாலேயோ இருக்கும் ஸ்குரூவைத் திருகினால் ஏறி இறங்கும்.

மூட்டை, ஆள் என்று பின்பக்கம் கனம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கி வெளிச்சம் மரத்தில் அடிக்கும், ரோடு இருட்டாகிவிடும். பின் ஷாக் அப்சார்பரில் படி வைத்த வளையம் இருந்தால், பாரம் ஏற்றும்போது ஒன்றிரண்டு படி இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி இரவுக்கு ஆகாது. கீறல் விழுந்த கண்ணாடியும் அப்படியே. நிறமில்லாத புதுக் கண்ணாடிக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

மாட்டின் கண் மின்னுமே, அதை வைத்துத் தூரத்திலேயே கண்டுபிடிக்க முடியாதா?

உங்களைப் பார்த்து நின்றால் மின்னும். ரோட்டைக் கடக்கிற மாடு உங்களுக்கு விலாவைக் காட்டிக்கொண்டிருக்கும், படுத்திருப்பது பெரும்பாலும் முதுகைக் காட்டும். கறுப்பு எருமைத் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, பின்னால் இருக்கும் தாரும் கறுப்பு. யானையின் கண்ணையும் நம்பாதீர்கள். அது உங்கள் டிம் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், கீழே சாம்பல் நிறக் கால்கள் மட்டும் மரத்தூர் போலத் தெரியும்.

கண்ணுக்குப் பதிலாக வேறு சிலவற்றைக் கவனியுங்கள். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு ஒரு நொடி மறைந்து மறுபடி தெரிந்தால், நடுவில் ஏதோ கடந்திருக்கிறது. ரோட்டில் பச்சைச் சாணம் கிடந்தால் அடுத்த சில நூறு மீட்டருக்குள் மாடு இருக்கலாம். தூரத்து வெள்ளைக் கோடு ஓரிடத்தில் அறுந்து தெரிந்தால், அந்த இடத்தில் ஒன்று நிற்கிறது.

திடீரென்று குறுக்கே வந்துவிட்டது. பிரேக் பிடிப்பதா, வளைத்துப் போவதா?

முதலில் பிரேக். வண்டி நேராக இருக்கும்போது முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் காலை மட்டும் மிதிப்பவர்கள் பின் சக்கரத்தைப் பூட்டி, வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மாட்டின் காலடியில் விழுகிறார்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதலில் லேசாக அழுத்தி, எடை முன் டயருக்கு வந்ததும் பலமாக அழுத்துங்கள். இது அரை விநாடிக்குள் நடந்துவிடும், ஆனால் பழகாமல் வராது. காலியான மைதானத்தில் 40-ல் போய் இரண்டு பிரேக்கும் பிடித்து நிறுத்தி, எத்தனை தப்படியில் நின்றது என்று எண்ணிப் பாருங்கள். பத்துமுறை செய்தால் தப்படி குறைவதைக் காண்பீர்கள்.

வேகம் குறைந்தபின் வழி இருந்தால் விலகலாம். அப்போது மாட்டின் வால் பக்கம் போங்கள். மிரண்ட மாடு பெரும்பாலும் தலை நீட்டிய பக்கமே பாயும், முன்னால் நுழைந்தால் அதன் பாதையில் நீங்களே போய் நிற்பீர்கள். வால் பக்கம் போகும்போதும் உதை படாத அளவு, குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளிப் போங்கள். கன்று வால் பக்கம் பின்தங்கி நின்றால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும், தாய் எந்த நொடியும் திரும்பி வரும். அந்த நேரத்தில் விலகவே வேண்டாம், நின்றுவிடுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஹேண்டில்பாரைத் திருப்பக் கூடாது. பிரேக்கை விட்டுவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பார்வையும் முக்கியம். மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கை உங்களை மாட்டிடமே கொண்டுபோகும். போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள்.

ஏபிஎஸ் இருந்தால் பயமில்லையா?

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் ஆனது, அதற்குக் கீழே இருப்பவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்றார்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே சொன்ன ஒன்றரை விநாடியை அது குறைக்காது. பல வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது, பின் சக்கரம் பூட்டத்தான் செய்யும்.

ஹாரன் அடிக்கலாமா?

மாட்டுக்கு, 100 மீட்டர் தூரத்திலேயே, குட்டையாக இரண்டு தடவை. பக்கத்தில் போய் அடித்தால் கிழட்டு மாடு நகராது, இளம் மாடு எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. ஆட்டு மந்தைக்கு அடித்துப் பயனில்லை. ஓர் ஆடு கடந்தால் மீதி நாற்பதும் கடந்தே தீரும், மேய்ப்பவர் கை காட்டும் வரை நில்லுங்கள். யானைக்கு ஹாரனே கூடாது.

ரோட்டோரம் கட்டிப்போட்ட மாடுதான், அதற்கும் வேகம் குறைக்க வேண்டுமா?

கட்டாயம். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. முளைக்குச்சி ஒரு பக்கம், மாடு மறுபக்கம், நடுவில் ரோட்டின் குறுக்கே கயிறு. தளர்ந்து கிடக்கும்போது சக்கரம் ஏறிப் போய்விடும். வண்டிச் சத்தத்துக்கு மாடு தலையைத் தூக்கினால் அதே கயிறு விறைத்து, முன் சக்கரத்தையோ உங்கள் நெஞ்சையோ பிடிக்கும். இரண்டு மாட்டை ஒரே கயிற்றில் பிணைத்து ஓட்டிவரும்போதும் இப்படித்தான், நடுவில் இடைவெளி இருக்கிறதே என்று நுழையாதீர்கள். மாடு ஒரு பக்கம், அதைப் பிடித்திருக்கும் ஆள் மறுபக்கம் என்றாலும் நடுவில் கயிறு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரம், எந்த மாதம் அதிகக் கவனம் வேண்டும்?

மாலை ஐந்தரை முதல் ஏழு வரை மேய்ச்சல் மாடு வீடு திரும்பும் நேரம். வெளிச்சம் மங்கும், வேலை முடித்து வருகிற கூட்டமும் அப்போதுதான். விடியற்காலை பால் சொசைட்டிக்குக் கேனோடு வண்டிகள் வரும், சில ஊர்களில் மாடும் கூடவே வரும். மழை பெய்த இரவில் மண் தரை ஈரமாக இருப்பதால் மாடுகள் தாரின்மேல் வந்து படுக்கும். தார் காய்ந்து, கதகதப்பாக இருக்கும், காற்றோட்டத்தில் கொசு, ஈயும் குறைவு.

காரிமங்கலத்தில் செவ்வாய், போச்சம்பள்ளியில் ஞாயிறு சந்தை. முந்தின இரவும் அன்றைய விடியலும் அந்தச் சாலைகளில் மாடு நடத்தி வருவார்கள், ஏற்றி வரும் வண்டிகளும் ஓரத்தில் நின்று இறக்கும். பொங்கலிலிருந்து எருது விடும் விழாக் காலம். ஓட்டம் முடிந்த காளை மிரட்சி அடங்காமல் கயிறோடு ரோட்டுக்கு ஏறுவது உண்டு. எதிரே அப்படி ஒன்று வந்தால் வண்டியைப் போட்டுவிட்டு ஒரு சுவருக்கோ லாரிக்கோ பின்னால் போங்கள்.

அறுவடை மாதங்களில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுக்கொடியையும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். விலங்கு இல்லைதான், ஆனால் மாட்டைக் கண்டு பிரேக் பிடிக்கிற இடத்தில் அடியில் கொள்ளுத் தாள் கிடந்தால் டயருக்குப் பிடிமானமே இருக்காது.

நான்கு வழிச்சாலையில் தடுப்பு இருக்கிறதே?

நடுத்தடுப்பில் அரளி வளர்ந்திருக்கிறது. அதற்குள் கன்று நின்றால் தெரியாது, பெரிய மாடு தலையை நீட்டும்போதுதான் தெரியும். தடுப்பை ஒட்டிய வலது பாதையில் போவதைவிட இடது பாதையின் நடுவில் போவது நல்லது, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் கிடைக்கும். சாலையில் மாடு படுத்திருப்பதைப் பார்த்தால், ஓரமாக நிறுத்தி 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணில் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது உதவும்.

யானை கடக்கும் சாலைகள் எவை?

ஓசூர், கிருஷ்ணகிரிக்கு இடையே பேரண்டப்பள்ளி, சானமாவு காட்டுப் பகுதியில் தேசிய நெடுஞ்சாலையையே கடக்கின்றன. ராயக்கோட்டை பக்கம் ஊடேதுர்கம், தேன்கனிக்கோட்டை பக்கம் நொகனூர், தளியிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை முதல் அஞ்செட்டி, அங்கிருந்து ஒகேனக்கல், பென்னாகரம் முதல் ஒகேனக்கல், மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி சுற்றுவட்டம் எல்லாம் யானை நடமாட்டம் உள்ளவை. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் இங்கே இருக்கின்றன. தெற்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பன்னேருகட்டா பக்கமிருந்து அக்டோபர், நவம்பரில் கேழ்வரகு முற்றும் சமயத்தில் கூட்டங்கள் இறங்கி, பிப்ரவரி, மார்ச் வாக்கில் திரும்பும். சில ஆண் யானைகள் வருஷம் முழுக்கச் சுற்றும்.

டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பதுதான் சிறந்த எச்சரிக்கை. "ஆனை இறங்கியிருக்கு" என்றால் விடியும் வரை போகாதீர்கள், அல்லது சுற்றுவழியில் போங்கள். பகலில்கூட, புதிதாக ஒடிந்த மூங்கில், இன்னும் ஆவி பறக்கும் யானை லத்தி (சாணம்), ரோட்டின் மேல் மண் தடம் கண்டால் வேகத்தை 20-க்குக் கொண்டுவாருங்கள்.

எதிரே யானை நிற்கிறது. என்ன செய்வது?

100 மீட்டருக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. குறுகிய ரோட்டில் திருப்ப இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அதனால் முதலில் வண்டியைத் திருப்பி, வந்த திசையைப் பார்க்க நிறுத்திக்கொண்டு, அதன்பின் தலையைத் திருப்பி யானையைக் கவனியுங்கள். போன் எடுக்கிற வேலை வேண்டாம்.

எஞ்சின் ஓடட்டும், முறுக்காதீர்கள். "லைட்டை அணை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2017-க்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே இல்லை, எஞ்சினை அணைத்தால்தான் அணையும். எஞ்சினை அணைத்துவிட்டு இருட்டில் நிற்பதைவிட, டிம்மில் போட்டு வண்டியைத் திருப்பிவிடுவது மேல். பிரைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தால் அதற்கு எரிச்சல் வரும்.

ஒன்று கடந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். கூட்டமாக இருந்தால் பின்னால் குட்டியும், குட்டிக்குப் பின்னால் இன்னொரு பெண் யானையும் வரும். கடைசியாகக் கண்ணில் பட்டதற்குப் பின் பத்து நிமிடம் பொறுங்கள். இரண்டு யானைக்கு நடுவில் நுழைந்த பைக்குக்கு முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் இல்லை.

காதை அசைத்துக்கொண்டு தழை தின்றால் அது அமைதியாக இருக்கிறது. அசைந்த காது விரிந்து நின்றுவிட்டால், வால் தூக்கினால், காலால் மண்ணை உதைத்தால் உடனே கிளம்புங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரக் கோடு வழியும் ஆண் யானை மதத்தில் இருக்கிறது. அதை எந்தத் தூரத்தில் கண்டாலும் அன்றைக்கு அந்த வழி வேண்டாம்.

துரத்தினால்?

வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் வண்டியில்தான் போக வேண்டும், ஓடுகிற மனிதனை யானை எளிதாகப் பிடித்துவிடும். வண்டி விழுந்துவிட்டால் தூக்க முயலாதீர்கள். பை, சட்டை, ஹெல்மெட் ஏதாவது ஒன்றை வழியில் போடுங்கள், அதை மோப்பம் பிடிக்க நிற்கலாம். பெரிய பாறை, தடித்த மரம், சிறு பாலத்தின் அடி என்று நடுவில் ஒரு தடை வரும்படி போங்கள். சரிவில் யானையால் இறங்க முடியாது என்பது தவறான நம்பிக்கை.

பன்றி, மான்?

பன்றி சிறியது என்று நினைக்காதீர்கள். உடம்பு தாழ்வாகவும் இறுக்கமாகவும் இருப்பதால் நேராக முன் சக்கரத்துக்கு அடியில் வரும், ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். தாயும் குட்டிகளும் வரிசையாக ஓடும். மானும் அப்படியே, முதல் மானைத் தப்பியதும் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறவர் இரண்டாவதில் மோதுகிறார். ஒன்றைக் கண்டால் இன்னும் மூன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோதி விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவர் பேசுகிறாரா, மூச்சு சரியாக இருக்கிறதா பாருங்கள். பின்னால் வரும் வண்டி ஏறாதபடி ஒருவர் 50 மீட்டர் பின்னால் போய் டார்ச் காட்டட்டும், இது முதல் நிமிடத்திலேயே நடக்க வேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூச்சு அடைத்தால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தலையையும் நேராகப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாக எடுக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம்.

வெளிக்காயம் இல்லாமல் எழுந்து நடப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியிருந்தால் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து உள்ளேயே ரத்தம் கசியலாம், சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. வயிறு இறுகுவது, இடது தோளில் வலி, தலைசுற்றல், வெளிறிய முகம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று இரவே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உதவி செய்தவரைப் போலீஸ் இழுத்தடிக்கும் என்று பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது.

மாட்டுக்கும் அடிபட்டிருக்கிறது. யார் பொறுப்பு? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

மாட்டுக்கு 1962-ல் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். அடிபட்டு மிரண்டு கிடக்கிற மாட்டின் பின்னங்கால் பக்கமும் கொம்புப் பக்கமும் போகாதீர்கள்.

ஆளுக்குக் காயமோ பிறர் உடைமைக்குச் சேதமோ ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது ஓட்டுநரின் கடமை. அந்த இடத்திலேயே பணம் பேசி முடித்துக் கிளம்பிவிட்டால் பிறகு இன்சூரன்ஸ் கேட்க ஆதாரம் இருக்காது. மாடு, வண்டி, பிரேக் தடம், கயிறு எல்லாவற்றையும் படம் எடுங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் வராது, முழு பாலிசி இருந்தால் வரும். உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உரிமம் காலாவதியாகியிருந்தால் அது சிக்கலாகும். காட்டு விலங்கு என்றால் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள், நிவாரணம் அங்கிருந்துதான் வரும்.

மாடு வளர்ப்பவர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

நிறைய. முளையை ரோட்டிலிருந்து கயிற்றின் நீளத்துக்கும் ஒரு மீட்டர் அதிகமாகத் தள்ளி அடித்தாலே பாதி ஆபத்து குறையும். லாரிகளின் பின்னால் ஒட்டுகிற ஒளிரும் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் அடிக்கும்போது அதைக் கொம்பில் ஒட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் பைக்கின் டிம் வெளிச்சம் கொம்பு உயரத்துக்கு ஏறாது. கழுத்துப் பட்டையில் இரண்டு பக்கமும் தைத்து, முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தளர்வாக ஒரு வளையமும் கட்டினால் தூரத்திலிருந்தே மின்னும், நடக்கும்போது அசைவதால் கண்ணிலும் சீக்கிரம் படும். கால் வளையத்தை வாரம் ஒருமுறை அவிழ்த்துத் தோல் புண்ணாகிறதா பாருங்கள், சேறு படிந்தால் துடைத்துவிடுங்கள். சேறு படிந்த பட்டை மின்னாது.